நோயின் பெயரும் விமானியின் சான்றிதழும்

1957-இல் பெங்களூரில் விமானப்படை தொடங்கிய வான்பயண மருத்துவப் பள்ளியே இன்றைய வான்வெளி மருத்துவ நிறுவனம். பயணிகள் விமானம் ஓட்ட விழைவோர் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழுக்காகச் சோதிக்கப்படும் நிலையங்களுள் இதுவும் ஒன்று. சோதனைக்கான அளவுகோல் பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பின் முதலாம் இணைப்பை ஒட்டியது. விமானியின் பணியைப் பாதுகாப்பாகச் செய்யவிடாத உளக்கோளாறுகளை அவ்விணைப்பு பட்டியலிடுகிறது. குழந்தைப் பருவத்திலோ வளரிளம் பருவத்திலோ தொடங்கும் நடத்தைக் கோளாறுகளும் உணர்வுக் கோளாறுகளும் அவற்றுள் அடங்கும்.

இச்சொல்லாட்சி உலக சுகாதார அமைப்பின் பத்தாம் நோய் வகைப்பாட்டில் உள்ள ஒரு தலைப்பை ஒத்தது. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, வேறு பெயரில், அத்தலைப்பின் கீழேயே இருந்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் வகைப்பாடோ அதனை நரம்பு வளர்ச்சிக் கோளாறுகளுடன் சேர்த்துவிட்டது.

இதே நகரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் ஒரு குழந்தைக்கு இந்நோயறிதல் வழங்கப்படுவது அதன் கல்விக்கு உதவும் பொருட்டே. அக்குழந்தை வளர்ந்து விமானியாக விரும்பும்போது அதே தாள் ஐயத்திற்குரிய சான்றாகிறது. ஆயினும், நோயின் பெயரைக் கண்டவுடன் மறுக்குமாறு அவ்விணைப்பு கூறவில்லை. கோளாறு பணியைப் பாதிக்குமா என்பதே அதன் வினா. பெயரையே தீர்ப்பாகக் கொண்டால், மருத்துவரை நாடியவர் தடுக்கப்படுவார். நாடாதவரோ மறைத்தவரோ தேர்ச்சி பெறுவார். பாதுகாப்புக்காக எழுந்த விதி, அப்போது பாதுகாப்புக்கே எதிராகிவிடும்.