முகம் மாறலாம், முகவரி மாறலாமா? இலங்கை வீசா இணையத்தள மாற்றமும் பயனாளரின் எதிர்வினையும்

பேஸ்லைன் வீதியில் ஒருகொடவத்தைப் பக்கம் போகிறவர்களுக்குக் கொள்கலன் வரிசை புதிய காட்சியன்று. துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளைச் சுங்கத் திணைக்களம் திறந்து பார்க்கும் முற்றங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. அங்கே கோப்பும் கையுமாக நிற்கும் வார்ஃப் கிளாக்குமாரிடம் பேச்சுக் கொடுத்தால் கணினியைப் பற்றிய முறைப்பாடு நிச்சயம் வரும்: திரை மாறிவிட்டது, பொத்தான் இருந்த இடத்தில் இல்லை, முன்பு இரண்டு தட்டலில் முடிந்த வேலைக்கு இப்போது ஐந்து. சுங்கக் கணினி முறையான அசிகுடா ++ போய் அசிகுடா வேர்ல்ட் வந்தபோதும் இதே குறைதான். ஆனால் அந்த முறைப்பாட்டில் சூடு கிடையாது. ஒரு வாரம் திட்டிவிட்டுப் பழகிவிடுவார்கள். காரணம் எளிது. திரை எப்படி மாறினாலும் பண்டத்தின் எண் மாறுவதில்லை. இணக்கப்படுத்திய பண்டக் குறியீட்டில் 88ஆம் அத்தியாயம் என்றால் விமானமும் அதன் உதிரிப்பாகமும். 1988இல் அந்த முறை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். விமான உதிரிப்பாகம் பெரும்பாலும் கட்டுநாயக்க வழியாகத்தான் வரும், ஒருகொடவத்தைக்கு வருவது அரிது. என்றாலும் கிளாக்கருக்கு எண் மனப்பாடம்.

இந்தச் சிறு காட்சியை முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு நிறுவனமோ அரசோ தன் இணையத்தளத்தை மாற்றும்போது எழும் கோபத்தை ஆய்வாளர் பலர் பழக்கத்தின் பிடிவாதமாகவே வாசிக்கிறார்கள். சாமுவேல்சனும் செக்ஹவுசரும் 1988இல் 'இருப்பதே இருக்கட்டும்' என்னும் மனச்சாய்வைப் பற்றி எழுதிய கட்டுரை இதற்கு வசதியான துணையாகிவிட்டது. சனங்களுக்கு மாற்றம் பிடிக்காது, கொஞ்ச நாள் போனால் அடங்கிவிடுவார்கள் என்று வடிவமைப்பாளரும் அதிகாரியும் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ள அது உதவுகிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. பயனாளர் முகத்துக்காக நெடுநாள் சண்டை பிடிப்பதில்லை. தாம் கால் ஊன்றி நின்ற நிலையான புள்ளி பிடுங்கப்படும்போதுதான் சண்டை மூளுகிறது. இலங்கையின் வீசா இணையத்தளம் 2024இல் மாற்றப்பட்ட கதை இதற்கு நல்ல சான்று.

அதற்கு முன் விமானம் செய்பவர்களிடம் சற்றுப் போய்வருவது பயன்தரும். விமான உற்பத்தி நிறுவனத்தின் தளத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்று ஊரார் பார்க்கும் படக்காட்சி. மற்றது வாடிக்கையாளராகிய விமான சேவைகள் கடவுச்சொல் கொடுத்து நுழையும் பணிமனை. போயிங் 2000ஆம் ஆண்டில் 'மை போயிங் ஃபிளீட்' என்ற வாசலைத் திறந்தது, எயர்பஸ் 'எயர்பஸ் வேர்ல்ட்' வைத்திருக்கிறது. முன்வாசலின் நிறமும் எழுத்துருவும் மாறினால் விமானப் பிரியர்கள் சிணுங்குவார்கள், அத்தோடு சரி. பின்வாசல் அப்படியன்று. கட்டுநாயக்கவில் எயர்பஸ் ஒன்றின் சக்கரக் கூட்டின் கீழ் நிற்கும் பொறியியலாளருக்குப் பராமரிப்புக் கைநூல் என்பது கையில் இருக்கும் ஸ்பனர் போன்றது. அவருக்கு 32 என்றால் இறங்குசக்கரத் தொகுதி, 29 என்றால் ஹைட்ரோலிக், 72 என்றால் இயந்திரம். அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சங்கம் 1956இல் வகுத்த அத்தியாய எண்கள் இவை. காகிதத்திலிருந்து மைக்ரோஃபிலிமுக்கும், அங்கிருந்து குறுந்தட்டுக்கும், பிறகு இணையத்துக்கும் கைநூல் இடம்பெயர்ந்தது. 32 மட்டும் 32ஆகவே வந்தது. போயிங்கிலிருந்து எயர்பஸ்ஸுக்கு மாறிப்போகும் பொறியியலாளரும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டே போகிறார்.

எண்ணே மாறவேண்டி வந்தால் என்ன செய்வது? அதற்கும் முன்மாதிரி இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் 88ஆம் அத்தியாயத்தில் ஆளில்லா விமானங்களுக்கு 8806 என்ற புதிய தலைப்பு வந்தது. உதிரிப்பாகங்களுக்குரிய 8803 நீங்கி 8807 ஆனது. உலக சுங்க அமைப்பு அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது 2019 ஜூனில். இரண்டரை ஆண்டு அவகாசம். பழைய எண்ணுக்கு எது புதிய எண் என்று காட்டும் ஒப்பீட்டு அட்டவணைகளையும் வெளியிட்டது. பெரிய ஞானம் ஒன்றுமில்லை இதில். வீடு மாறிப்போகிறவர் பழைய கதவில் புதிய முகவரியை ஒட்டிவிட்டுப் போவது போன்ற சாதாரண மரியாதை.

இனி வீசா. இலங்கைக்கு வரும் வெளிநாட்டவர் இணையவழியில் முன் அனுமதி பெறும் முறை 2012 ஜனவரியில் தொடங்கியது. ஈ.ரி.ஏ. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். மொபிடெல் தொழில்நுட்பப் பின்புலம் தர, குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம் அதை நடத்தியது. அழகான தளம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதன் முகவரி 'கவ் டொட் எல்கே' என்று முடிந்தது. வீசா எடுத்துத் தருவதாகச் சொல்லிக் கூடுதல் பணம் கறக்கும் போலித்தளங்கள் நடுவே, இது அரசாங்கத்துடையது என்று நம்புவதற்குச் சாதாரண ஆளிடம் இருந்த ஒரே அடையாளம் அந்த ஈறுதான்.

அந்த ஆள் யார் என்பதைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும். தளத்தின் பயனாளர் என்றதும் மடிக்கணினியோடு இருக்கும் ஐரோப்பியச் சுற்றுலாப் பயணி நினைவுக்கு வருவார். வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கொம்யூனிகேஷன் கடை ஒன்றில் அரைமணி நேரம் நின்றால் வேறொருவர் தென்படுவார். ரொறன்ரோவிலிருக்கும் தங்கையின் கடவுச்சீட்டுப் பக்கம் வட்ஸ்அப்பில் வந்திருக்கும். அதைக் கைத்தொலைபேசியில் விரித்துக் காட்டியபடி, "தம்பி, போன முறை போட்ட மாதிரியே போடுங்கோ" என்பார் ஒரு அம்மா. "ஓம் அன்ரி, பேரை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று இளைஞர் தட்டத் தொடங்குவார். பணம் கட்டும் பக்கம் வந்ததும் அந்த அம்மா எட்டிப் பார்த்துக் கேட்பது ஒரே கேள்வி: "இந்தக் காசு ஆருக்குப் போகுது? கவுண்மேந்துக்குத்தானே?" பயன்பாட்டியல் நூல்கள் பொத்தானின் அளவைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாகப் பேசுகின்றன. இந்தக் கேள்விக்கு அவற்றில் இடமில்லை. கொட்டாஞ்சேனைப் பயண முகவர் கடைகளிலும் நிலைமை இதுதான். தட்டுபவர் ஒருவர், பணம் கட்டுபவர் இன்னொருவர், பயணம் செய்பவர் மூன்றாமவர். மூவருக்கும் பொதுவாக இருப்பது 'போன முறை' என்கிற நினைவு மட்டுமே.

2024 ஏப்ரல் 17ஆம் திகதி அந்தப் போன முறை இல்லாமற் போனது. ஐ.வி.எஸ்., ஜி.பி.எஸ். என்ற நிறுவனங்களின் கூட்டும், அதன் தொழில்நுட்பப் பங்காளியாகிய வி.எஃப்.எஸ். குளோபலும் நடத்தும் புதிய இ-வீசாத் தளம் நடைமுறைக்கு வந்தது. முகவரியில் 'எல்கே' இருந்தது, 'கவ்' இல்லை. 75 டொலர் ஆறுமாத வீசாவுக்கு 18.50 டொலர் சேவைக் கட்டணமும் 7.27 டொலர் வசதிக் கட்டணமும் சேர்ந்து 100.77 டொலர் என்று கணக்குக் காட்டியது. முன்பு 50 டொலரில் 30 நாள் அனுமதி பெற்றவர் கண்ணுக்கு அந்தப் பழைய தெரிவு தட்டுப்படவில்லை. முகவரி, விலை, பணம் பெறுபவர் ஆகிய மூன்றும் ஒரே நாளில் மாறின. 32ஆம் அத்தியாயம் ஓர் இரவில் காணாமற் போனதற்கு ஒப்பானது இது. ஒப்பீட்டு அட்டவணையும் இல்லை.

எதிர்வினை மே 1ஆம் திகதி விமானநிலைய வீசாக் கருமபீடத்தில் வெடித்தது. அங்கே இளைஞர் ஒருவர் குரலுயர்த்திய காணொளி நாடெங்கும் பரவியது. சில நாட்களிலேயே அமைச்சரவை 50 டொலர் 30 நாள் கட்டணத்தைத் தக்கவைக்கத் தீர்மானித்தது. கருமபீடங்களைக் குடிவரவு அதிகாரிகளே ஏற்பார்கள் என்றும் சொல்லப்பட்டது. கோபம் அடங்கவில்லை. பழக்கத்தின் பிடிவாதம்தான் காரணமென்றால் விலை பழைய நிலைக்குத் திரும்பியதும் அது தணிந்திருக்கவேண்டும். தணியாததற்குக் காரணம், அந்த அம்மாவின் கேள்விக்கு விலை பதிலாகாது என்பதுதான்.

இங்கே ஒரு தடங்கலை ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த நாட்களின் ஆவேசத்தில் எல்லாமே தெளிந்த பகுப்பாய்வாக இருக்கவில்லை. கருமபீடங்களை இந்தியர் நடத்துகிறார்கள் என்ற எண்ணத்தில், 'எங்கள் விமானநிலையத்தில் இந்தியருக்கு என்ன வேலை' என்ற குரல் அதில் உரத்தே ஒலித்தது. அந்தத் தொனியைக் கொழும்புத் தமிழர் கேட்டால் முதுகு கொஞ்சம் நிமிரத்தான் செய்யும், இதே வாசகம் வேறு தருணங்களில் வேறு ஆட்களை நோக்கி வந்ததை அறிந்தவர்கள் அவர்கள். அரசு சொன்ன நியாயங்களையும் தள்ளிவிட முடியாது: பல வகை வீசாக்களைக் கையாளப் பழைய முறை போதாது, பல நாடுகளில் வலைப்பின்னல் உள்ள நிறுவனம் வந்தால் பயணிகள் கூடுவர் என்றது அது. பழைய தளத்திலும் குறைகள் இருந்தன. ஆனாலும் இனவெறுப்பின் சத்தத்தை வடித்தெடுத்தால் அடியில் எஞ்சுவது ஒரு கொள்முதல் கேள்வி: ஒப்பந்தம் எப்படிக் கொடுக்கப்பட்டது? அது சரியான கேள்வி. ஹர்ஷ டி சில்வா தலைமையிலான பாராளுமன்ற அரசாங்க நிதி பற்றிய குழு விசாரித்ததும் அதையே.

அல்பர்ட் ஹர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், அதிருப்தியுற்ற வாடிக்கையாளருக்கு விலகிப்போவது, குரல் கொடுப்பது என்று இரு வழிகளைக் காட்டினார். விசுவாசம் இருந்தால் விலகல் பிந்தும் என்றார். சுற்றுலாப் பயணிக்கு விலகல் சுலபம். மாலைதீவு எல்லா நாட்டவருக்கும் வந்திறங்கியதும் 30 நாள் அனுமதியை இலவசமாகத் தருகிறது, தாய்லாந்து 2023 நவம்பரிலிருந்தே இந்தியருக்கு வீசாவை விலக்கியது. புலம்பெயர்ந்த தமிழரின் நிலை வேறு. அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கையில், பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் பிடித்தாயிற்று என்கையில், கட்டணம் கூடிவிட்டதென்று புக்கெற்றுக்குப் போக முடியாது. விமானத் தொழிலிலும் விலக முடியாத வாடிக்கையாளர் இப்படித்தான். எயர்பஸ் விமானங்களை மட்டுமே வைத்திருக்கும் ஸ்ரீலங்கன், எயர்பஸ்ஸின் வாசல் பிடிக்கவில்லை என்று கைநூலை வேறிடத்தில் வாங்க இயலாது. ஆனால் விமான சேவைக்கு ஒப்பந்தம் உண்டு, உற்பத்தியாளர் அழைக்கும் கூட்டங்களில் ஆசனம் உண்டு. வெள்ளவத்தை அம்மாவுக்கு உள்ளது கடைத் தம்பியின் முகம் மட்டும்.

எனவே குரலை வேறு சிலர் சுமந்தார்கள். பாட்டலி சம்பிக்க ரணவக்க, ரவூஃப் ஹக்கீம், எம்.ஏ. சுமந்திரன் முதலிய அரசியல்வாதிகள் அடிப்படை உரிமை மனுக்களோடு புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் புதிய முறையை இடைநிறுத்தி, பழைய ஈ.ரி.ஏ.யை மீட்க இடைக்கால உத்தரவிட்டது. உத்தரவு நடைமுறைப்படுத்தப்படாததால் செப்டெம்பரில் குடிவரவு, குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். இணையத்தளம் ஒன்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவராத காரணத்துக்காகத் திணைக்களத் தலைவர் ஒருவர் சிறைக்கூடம் போவது எங்கும் அபூர்வம். அந்த மாத இறுதியில் பழைய முகவரி மீண்டும் திறந்தது.

நீதிமன்றத்தில் திரையின் வடிவமைப்பைப் பற்றிய வழக்கு நடக்கவில்லை. கேள்விப்பத்திரம் கோராமல் ஒப்பந்தம் போனதா, பயணிகளின் தரவு யாரிடம் போகிறது, கட்டணம் எங்கே போகிறது என்பதே வழக்கு. ஒருகொடவத்தையிலிருந்து புதுக்கடை சில கிலோமீற்றர்தான். காலி வீதிக் கடையில் எட்டிப் பார்த்துக் கேட்ட கேள்வி அங்கே சட்ட ஆங்கிலத்தில் கேட்கப்பட்டது. கேட்டவர்களில் வீசா தேவைப்பட்டவர் ஒருவருமில்லை.