பெல்பாஸ்ட் நகரத்துக் கிரீடம்

'கிரவுன் லிக்கர் ஸலூன்' என்ற பெயர்ப் பலகையைப் பார்த்து நம் ஊர்க்காரர் யாராவது கிராப்பு வெட்டிக்கொள்ள நுழைந்தால் ஏமாந்து போவார். வட அயர்லாந்தின் தலைநகரான பெல்பாஸ்டில், கிரேட் விக்டோரியா தெருவில் இருக்கும் அது ஒரு மதுக்கடை. குடிப்பழக்கம் இல்லாத நான் ஒரு மாலைப்பொழுது முழுவதும் எலுமிச்சைப் பானம் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தேன். பணியாள் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டானோ!

வெளிச்சுவர் முழுவதும் வர்ண ஓடுகள். உள்ளே போனால் சித்திர வேலைப்பாடுள்ள விதானம், செதுக்கிய மரத்தூண்கள், மொஸெய்க் தரை, மங்கலாக எரியும் காஸ் விளக்குகள். ஜன்னல்களில் வர்ணக் கண்ணாடி. எனக்கு உடனே மாதா கோயில் ஞாபகம்தான் வந்தது. அதற்குக் காரணமும் உண்டு. ஆதியில் 'ரயில்வே டாவர்ன்' என்று பெயர் கொண்டிருந்த இந்தக் கடையை 1885-ல் பாட்ரிக் பிளானகன் என்பவர் புதுப்பித்தார். அப்போது நகரத்தில் கத்தோலிக்கக் கோயில்களைக் கட்ட வந்திருந்த இத்தாலியச் சிற்பிகளை, பகல் வேலை முடிந்த பிறகு இங்கே வந்து கைவேலை செய்யும்படி அவர் இணங்க வைத்தார் என்று சொல்லுகிறார்கள். பகலில் ஆண்டவனுக்கு, இரவில் பிளானகனுக்கு! கூலி யார் அதிகம் கொடுத்தார்களோ, அது கதையில் இல்லை.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தவை அங்குள்ள பத்து மரக் கூண்டுகள். 'ஸ்னக்' என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து, ஒரு கதவு. கதவுத் தூண்களில் சிங்கங்களும், சிங்க உடலும் கழுகுத் தலையுமாக நம் யாளிக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற மிருகங்களும் காவல் இருக்கின்றன. உள்ளே நெருப்புக்குச்சி உரசுவதற்கென்று ஓர் உலோகத் தகடு; பணியாளைக் கூப்பிட மணி. விக்டோரியா மகாராணி காலத்துக் கௌரவஸ்தர்களுக்குக் குடிக்கவும் வேண்டும். குடிப்பது பிறர் கண்ணில் படவும் கூடாது. அந்தச் சங்கடத்துக்குத் தச்சன் கண்டுபிடித்த பரிகாரம் இது. மணியை அழுத்திவிட்டுக் காத்திருந்த அந்த முகங்களை எண்ணிப் பார்த்தேன். எத்தனை நாவல்கள் அந்தக் கூண்டுகளோடு போய்விட்டன! காரல் ரீட் 1947-ல் வெளியிட்ட 'ஆட் மேன் அவுட்' படத்தில் இந்தக் கடையைப் போலவே ஓர் அரங்கத்தை ஸ்டுடியோவில் நிர்மாணித்தார். துரத்தப்படும் மனிதன் ஒளிவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

எதிர்ச்சாரியில் நிற்கிறது யூரோப்பா ஹோட்டல். 1971-ல் திறக்கப்பட்ட அந்த ஹோட்டல், வட அயர்லாந்துக் கலவர காலத்தில் முப்பது தடவைக்கு மேல் வெடிகுண்டுக்கு இலக்காயிற்று. குண்டு எதிரில் வெடித்தால் கண்ணாடி இங்கே உதிரும். அந்தக் காலத்தில்தான், 1978-ல், பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் இந்தக் கடையை விலைக்கு வாங்கியது. அதற்காகப் பரிந்து பேசியவர்களில் ஆங்கில நாட்டு அரசவைக் கவிஞர் ஜான் பெட்ஜமன் ஒருவர். 1981-ல் சுமார் நாலு லட்சம் பவுன் செலவில் பழைய கோலத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

மனிதர்கள் செத்து விழுந்துகொண்டிருந்த ஊரில் ஒரு மதுக்கடைக்கா இவ்வளவு பணம் என்று எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கே மறுபடியும் உடையலாம் என்று தெரிந்தும் ஒருவன் அங்கே நின்று, கண்ணாடித் துண்டுகளை அளவு பார்த்து வெட்டிப் பொருத்தியிருக்கிறான். அவன் எந்த மதத்தான், எந்தக் கட்சி என்று கேட்கத் தோன்றவில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

வாசல்படியில் மொஸெய்க்கில் ஒரு கிரீடம் பதித்திருக்கிறார்கள். பிளானகன் அயர்லாந்து தேசியவாதியாம், மனைவியோ ராஜவிசுவாசி. கடைக்கு 'கிரீடம்' என்றுதான் பெயர் வைக்க வேண்டும் என்று அம்மாள் பிடிவாதம் பிடித்தாளாம். சரி என்று தலையாட்டிய கணவர், வருகிறவன் போகிறவன் எல்லாம் மிதிக்கட்டும் என்று கிரீடத்தைத் தரையில் பதித்துவிட்டாராம். நிஜமோ பொய்யோ, இப்படி ஒரு தம்பதியை நான் கற்பனை செய்திருந்தால் பத்திரிகை ஆசிரியர் நம்பியிருக்க மாட்டார். வெளியே வரும்போது குனிந்து பார்த்தேன். எத்தனையோ பேர் மிதித்தும் கிரீடம் தேயாமல் இருந்தது. நானும் மிதித்துக்கொண்டுதான் வந்தேன், வேறு வழியில்லை.