சுத்தாத ரேடார்

ரேடார்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஏர்போர்ட்ல சுத்திக்கிட்டே இருக்குமே, அந்த ஆன்டெனாதானே? ஆனா 1940-ல் ஜெர்மன் விமானங்கள் வருவதைப் பிரிட்டனுக்கு முன்கூட்டியே சொன்ன 'செயின் ஹோம்' ரேடார் சுத்தவே சுத்தாது. கடலோரம் வரிசையாக நட்ட கோபுரங்கள், அவ்வளவுதான். சிக்னல் அனுப்ப 360 அடி இரும்புக் கோபுரங்கள். திரும்பி வரும் எதிரொலியைப் பிடிக்க 240 அடி மரக் கோபுரங்கள்.

ஏன் இவ்ளோ பெருசு? 1935-ல் ராபர்ட் வாட்சன்-வாட் குழு வேலையை ஆரம்பித்தபோது, பலமான சிக்னலை நீளமான அலைகளில்தான் அனுப்ப முடிந்தது. கடைசியில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் அலைநீளத்தில் வந்து நின்றார்கள். அந்த அலையை டார்ச் வெளிச்சம் மாதிரி குவிக்கணும்னா ராட்சச ஆன்டெனா வேணும், அதைத் திருப்பவும் வேணும். நடக்கிற காரியமா? அதனால் குவிக்கவே வேண்டாம் என்று முடிவெடுத்து, ஃப்ளட்லைட் மாதிரி கடல் பக்கம் முழுக்க அலையைப் பரப்பிவிட்டார்கள்.

உயரத்தில் வரும் விமானம் நூறு மைலுக்கு அப்பாலேயே தெரிந்தது. ஆனா எந்தத் திசைன்னு தானா தெரியாது. ஆபரேட்டர் ஒரு குமிழைத் திருகித் திருகி, எதிரொலி மங்கி மறையும் இடத்தைத் தேட வேண்டும். எத்தனை விமானம் என்பதையும் திரையில் அது துடிக்கிற விதத்தை வைத்தே கணிக்க வேண்டும். இவர்களில் பலர் விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்த இளம்பெண்கள். மெஷின்ல மிச்சம் பிடிச்ச கஷ்டமெல்லாம் இவங்க தலையிலதான் விழுந்துச்சு!

விமானம் கரையைத் தாண்டி நாட்டுக்குள் வந்துவிட்டால், பைனாகுலரோடு நின்ற தன்னார்வலர்கள்தான் கதி. தாழப் பறந்தாலும் கோபுரங்களுக்குத் தெரியாது. அதுக்குத்தான் 1939-ல் 'செயின் ஹோம் லோ' வந்தது: 1.5 மீட்டர் அலை, குவிந்த கற்றை, சுத்துற ஆன்டெனா. தூரம் மட்டும் குறைவு.

ஜெர்மனியிடம் 2.4 மீட்டர் அலையில், திருப்பக்கூடிய 'ஃப்ரேயா' ரேடார் அப்பவே இருந்தது. டெக்னிக்கலா அதுதான் அழகு. 1939-ல் அவர்களுடைய கிராஃப் செப்பலின் வான்கப்பல் பிரிட்டிஷ் கடலோரம் உளவு பார்க்க வந்தது. இந்தக் கோபுரங்கள்தான் ரேடார் என்று கண்டுபிடிக்காமலே திரும்பிப் போனது.

1940 ஆகஸ்ட் 12: டோவர், ரை, பெவன்சி, வென்ட்னர் நிலையங்கள் மீது குண்டு விழுந்தது. கோபுரம் முழுக்கச் சட்டங்களும் இடைவெளியும்தானே, வெடிப்பின் வேகம் ஊடே புகுந்து போய்விட்டது. வென்ட்னர் மட்டும் பல நாள் முடங்கியது. மற்ற மூன்றும் சில மணி நேரத்தில் திரும்ப வேலை செய்தன. மூணே நாளில், ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோயரிங், இந்த நிலையங்களைத் தாக்குவதில் பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.