நூல் நம்பரும் ஸ்லிம் ஃபிட்டும்

நற்பிட்டிமுனையில் பிறந்து, இங்கிலீசு படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். என்றாலும் உடுப்பை வர்ணிக்கும் இங்கிலீசுச் சொற்களை எங்கள் ஊரார் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்கள் என்று யாரும் சொன்னால் ஒப்ப மாட்டேன். அவை துணியோடு வந்தவை. எந்தக் காலத்தில் எந்தத் துணி வந்ததோ, அதற்குரிய சொல்தான் வாயில் ஏறியது.

முதலில் வந்தது மருதமுனைத் தறியிலிருந்து. எங்கள் ஊரிலிருந்து கல்முனைக்குப் போய், வடக்கே பாண்டிருப்பைத் தாண்டினால் மருதமுனை. வாப்பா அங்கே சாரனும் கைத்தறிச் சாரியும் எடுத்து, கிட்டங்கி வழியாக நாவிதன்வெளிப் பக்கம் கொண்டு போய் விற்றார். அவருக்கு இங்கிலீசில் கையெழுத்துப் போடவும் தெரியாது. ஆனால் நம்பர், மெர்சரைஸ்ட், பாஸ்ட் கலர் என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு எந்தத் துணியையும் எடைபோட்டு விடுவார்.

நம்பர் என்றால் நூலின் கவுண்ட். 840 யார் நீளமுள்ள கழிகள் எத்தனை சேர்ந்தால் ஒரு இறாத்தல் வருமோ, அதுதான் நம்பர். 40ஆம் நம்பரில் 40 கழி, 60ஆம் நம்பரில் 60 கழி. ஆகவே நம்பர் கூடக் கூட நூல் மெலியும், விலை ஏறும். மெர்சரைஸ்ட் என்பது ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது. லங்காஷயரில் ஜோன் மேர்சர் என்பவர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் தோய்க்கும் முறைக்கு 1850இல் காப்புரிமை வாங்கினார். நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு தோய்த்தால் பட்டு மாதிரி மினுங்கும் என்று கண்டது அவருக்குப் பிறகு வந்த ஹோரஸ் லோ. பெயர் மட்டும் மேர்சருக்கே நின்றுவிட்டது. சேர்ட் துணியின் கரையில் அச்சடித்திருந்த சன்ஃபரைஸ்ட் என்பதும் அப்படித்தான். துவைத்தாலும் சுருங்காதபடி துணியை முன்கூட்டியே சுருக்கிவிடும் வழியை 1930 வாக்கில் கண்டுபிடித்த அமெரிக்கர் சான்ஃபோர்ட் கிளூயெட்டின் பெயரால் வந்தது. இரண்டு பேரும் எங்கள் பக்கத்து அலுமாரிகளில் இருந்தார்கள், யாருக்கும் தெரியாமல்.

பாஸ்ட் கலர்தான் வாப்பாவின் மானப் பிரச்சினை. "காக்கா, இது சாயம் இளகுமா?" என்று நாவிதன்வெளியில் ஒரு பெண் கேட்டால், சாரியின் மூலையை நனைத்து வெள்ளை லேஞ்சியில் தேய்த்துக் காட்டுவார். லேஞ்சியில் கறை பட்டால் அந்தச் சாரி அன்றைக்கு மூட்டையை விட்டு வெளியே வராது. இதே சாயம் இளகுவது அமெரிக்காவில் பெருமையானதும் உண்டு. 1958இல் மெட்ராஸ் கட்டம் போட்ட துணி புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய், துவைத்தவுடன் சாயம் ஓடி, வாங்கினவர்கள் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் விளம்பரக்காரர்கள் 'கட்டாயம் சாயம் போகும்' என்பதையே தரச் சான்றாக்கி விற்றுவிட்டார்கள். வாப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, "நம்மட சனத்துக்கிட்ட இது எடுபடாது" என்றார். அவர் சொன்னது சரி.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. கொழும்பிலிருந்து நைலெக்ஸும் பொலியெஸ்டரும் ஜோர்ஜெட்டும் இறங்கின. அடுத்த வருஷம் நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி அடித்தது. தறிக்காரர்களைக் கூடுதலாக வருத்தியது காற்றா, கப்பலில் வந்த துணியா என்று கேட்டால் நான் கப்பலைத்தான் சொல்வேன். நூல் நம்பரைக் கேட்கும் ஆட்கள் குறைந்தார்கள். சைனிங், சொஃப்ட், பிளெயின் என்பவை அந்த இடத்துக்கு வந்தன. கஞ்சி போட வேண்டாம், அயன் பிடிக்க வேண்டாம் என்பதற்காகவே பொலியெஸ்டரை வாங்கினார்கள். வெக்கையில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதை உடுத்துப் பார்த்த பிறகே கண்டார்கள். பிறகு வளைகுடாப் பயணக்காரர்கள் அபாயா கொண்டுவந்தார்கள்: நிதா துணி, ஸ்டோன் வேர்க், பட்டர்ஃப்ளை. நிறத்துக்கு ஒரே சொல் போதும் என்றாயிற்று.

நான் வகுப்பில் படிப்பித்தது இவற்றில் ஒன்றுமில்லை. அழகு முதலில், அளவு அடுத்தது, பிறகு நிறம், கடைசியில் துணி என்று பெயரடைகளின் வரிசையைக் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதி மறந்துவிடுவார்கள். கடைத்தெருவில் துணிதான் முதலில், அழகு கடைசியில். கொட்டனா என்று கேட்காமல் வடிவா என்று யார் கேட்கிறார்கள்?

1992இல் ஜனாதிபதி பிரேமதாசா 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கினார். அதன் பிறகுதான் காமன்ட்ஸ் வேலை நாட்டுப்புறங்களுக்குப் பரவியது. காமன்ட்ஸுக்குப் போன என் பழைய மாணவி ஒருத்தி, பரீட்சையில் சேர்ட்டைப் பற்றி ஒரு வசனம் எழுதத் திணறியவள், ஒரு பெருநாள் விடுமுறையில் வந்து என் சட்டைக் கொலரைப் பிடித்துப் பார்த்து, "சேர், தையல் அன்ஈவன், இந்தப் பக்கம் லூஸ், இது எங்கட லைன்ல ரிஜெக்ட்" என்றாள். குறையைச் சொல்லும் சொற்கள்தான் அவளுக்கு முதலில் வந்தன. ஒரு துண்டு திரும்பி வந்தால் திட்டு அவளுக்குத்தானே.

அந்த ரிஜெக்ட் சேர்ட்டுகள் பேவ்மென்டில் குவியலாக விற்கும். கம்பனிப் பெயரை மட்டும் லேபலில் வெட்டியிருப்பார்கள், ஸ்லிம் ஃபிட் என்பதை வெட்ட மாட்டார்கள். இப்போது எங்கள் ஊர்ப் பெடியன்கள் ஸ்லிம் ஃபிட் கேட்டுத்தான் கடைக்குள் வருகிறார்கள். அது இல்லையென்றால் அடுத்த குவியலுக்குப் போய்விடுகிறார்கள்.