நாடா, பிளேடு, மவுஸ்: திருவனந்தபுரம் வழியாக ஓர் ஒலிப்பதிவுக் கதை

நாகர்கோவில் பக்கத்து ஆட்களிடம் ரேடியோ பற்றிப் பேச்செடுத்தால், வயசைப் பொறுத்துப் பதில் மாறும். ஐம்பது, அறுபதைத் தாண்டியவர்கள் திருநெல்வேலி வானொலி என்பார்கள். அவர்களுக்கும் மூத்தவர்கள் திருவனந்தபுரம் என்பார்கள். காரணம் இதுதான்: திருநெல்வேலி நிலையம் வந்ததே 1963-ல். திருவனந்தபுரத்திலோ 1943 மார்ச் 12 அன்றே மகாராஜா சித்திரைத் திருநாள் திருவிதாங்கூர் அரசு வானொலியைத் தொடங்கி வைத்துவிட்டார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தன. 1956 நவம்பர் 1-ல்தான் அவை நம் பக்கம் வந்தன. ஆக, அந்தக் காலத்து நாஞ்சில் நாட்டுக்காரருக்கு அது அயலூர் வானொலி இல்லை, சொந்த வானொலி. 1950 ஏப்ரல் 1 முதல் அது அகில இந்திய வானொலியின் நிலையமாகிவிட்டது.

சரி, பழைய ரேடியோ கதை இப்போது எதற்கு? வீட்டில் இருக்கும் பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி என்று இங்கே கனடாவில் இரண்டு மூன்று குடும்பத்தினர் கேட்டுவிட்டார்கள். அதைச் சொல்ல உட்கார்ந்தால் கதை திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறது.

பேசினால் போச்சு

1943-ல் நம் ஊர்களில் ஒலிநாடா கிடையாது. மைக் முன்னால் உட்கார்ந்து பேசுவது, பாடுவது எல்லாம் நேரடி ஒலிபரப்பு. வேண்டுமென்றால் ஊசியால் தட்டில் வெட்டி வைக்கலாம். ஆனால் வெட்டியது வெட்டியதுதான், நடுவில் ஒரு தும்மல் விழுந்தாலும் எடுக்க முடியாது.

அந்தக் காலத்துத் திருவனந்தபுரத்தை நினைத்துப் பாருங்கள். 1939-ல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்விக்கூடத்துக்கு முதலில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் தலைமை. அவருக்குப் பிறகு செம்மங்குடி சீனிவாச ஐயர். இரண்டு பேருமே தமிழ்நாட்டு வித்வான்கள். அந்த வகுப்பறைகளில் நாள்தோறும் ஒலித்த பாட்டு எவ்வளவு! பதிந்து வைக்க வழி இல்லாத காலம், காற்றோடு போயிற்று.

பிளேடு காலம்

காந்த நாடாவில் பதியும் கருவியை ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனம் 1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காட்டியது. போருக்குப் பிறகுதான் அது உலகமெங்கும் பரவியது. நம் வானொலி நிலையங்களுக்கும் வந்தது.

நாடாவின் பெரிய வசதி, அதை வெட்டலாம், ஒட்டலாம். நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் நாடாவில், பேச்சாளர் அரை நொடி இருமினால் அது கிட்டத்தட்ட நாலு அங்குல நாடா. கையால் ரீலை முன்னும் பின்னும் உருட்டி, இருமல் தொடங்கும் இடத்தில் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு, முடியும் இடத்தில் ஒரு கோடு. பிளேடால் சாய்வாக வெட்டி, பின்புறம் ஒட்டுநாடா போட்டுச் சேர்க்க வேண்டும். சாய்வாக ஏன்? நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் 'டக்' என்று கேட்கும். சாய்வாக வெட்டினால் ஒரு சத்தம் மெல்லப் போய் இன்னொன்று மெல்ல வரும். வெட்டிய துண்டு குப்பைக் கூடையில் விழுந்தால் தேடித்தான் எடுக்க வேண்டும். கண்ட்ரோல்-இசட் எல்லாம் கிடையாது!

கேசட் வீட்டுக்கு வந்தது

1963-ல் பிலிப்ஸ் கேசட்டைக் கொண்டுவந்தது. 1980-ல் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி நிறுவனத்தைத் தொடங்கினார். வளைகுடாவுக்குப் போனவர்கள் டேப் ரெக்கார்டரோடு ஊர் திரும்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும், கப்பல் ஏறிய மகனும் கேசட்டில் பேசிக் கடிதமாக அனுப்பிக்கொண்ட காலம் அது. அறுபது நிமிஷ கேசட்டில் ஒரு பக்கம் ஊர்ச் செய்தி, மறுபக்கம் அழுகை.

நம் வீட்டுப் பெட்டிகளில் கிடப்பவை இவைதான். நாடாவுக்கு ஆயுள் உண்டு. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், காந்தப்பூச்சு உதிரும். அதோடு, ஓட்டிப் பார்க்க நல்ல கேசட் பிளேயர் கிடைப்பதும் அரிதாகி வருகிறது.

பிளேடு மவுஸ் ஆனது

கம்ப்யூட்டர் ஒலியை எண்களாக வைத்துக்கொள்கிறது. 1982-ல் வந்த சிடியின் கணக்கு நொடிக்கு 44,100 அளவீடுகள். மனுஷக் காது அதிகபட்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பிடிக்க இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

அந்த எண்களை வெட்டி ஒட்டும் ஒரு மென்பொருளை அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ரோஜர் டானன்பர்க்கும் உருவாக்கி, 2000 மே மாதம் வெளியிட்டார்கள். பெயர் ஆடாசிட்டி. காசு கிடையாது, மூலநிரலும் எல்லோருக்கும் திறந்தது.

அடுத்த ஆண்டே திருவனந்தபுரம் மறுபடி கதைக்குள் வருகிறது. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் அங்கே வந்து, இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். கேரள அரசின் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் அந்தப் பத்தாண்டிலேயே பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றியது (2017-ல் அது 'கைட்' நிறுவனம் ஆனது). பள்ளிகளுக்குக் கொடுத்த லினக்ஸ் தொகுப்பில் ஆடாசிட்டியும் இருந்தது. ஒரு காலத்தில் வானொலி நிலையத்துக்குள் மட்டும் நடந்த வேலை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டது.

இனி நம் வேலை

1. கேசட்டை முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். ஒட்டிக்கிடக்கும் நாடா பிரியும்.
2. பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் 'லைன் இன்' துளைக்கு ஒயர். லேப்டாப்பில் அது இல்லையென்றால், லைன் இன் உள்ள யுஎஸ்பி ஒலி அடாப்டர் போதும்.
3. ஆடாசிட்டியில் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். அளவு காட்டும் பட்டை உச்சியைத் தொடக்கூடாது. உச்சத்தில் -6 டெசிபெல் பக்கம் நின்றால் நல்லது. சத்தம் குறைந்தால் பிறகு ஏற்றலாம், உடைந்த சத்தத்தைச் சரிசெய்வது பெரும்பாடு.
4. பதிந்ததும் எதையும் தொடாமல் வேவ் கோப்பாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மோனோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 320 எம்பி. அதுதான் மூலம்.
5. 'ஸ்ஸ்ஸ்' இரைச்சலுக்கு, யாரும் பேசாத இரண்டு நொடியைத் தேர்ந்தெடுத்து இரைச்சல் மாதிரியாகக் கொடுங்கள். பிறகு முழுவதையும் தேர்ந்தெடுத்துக் குறையுங்கள். அதிகம் குறைத்தால் தாத்தா கிணற்றுக்குள் இருந்து பேசுவார்!
6. சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எம்பி3 போதும். நிமிஷத்துக்கு ஒரு எம்பிதான்.

புதிதாகப் பதிவதென்றால் போனே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் வைத்துப் பதியுங்கள். வாட்ஸப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் தரம் குறையும், மூலக்கோப்பை நேரடியாக நகல் எடுங்கள்.

நீல பத்மநாபன் 'தலைமுறைகள்' நாவலில் இரணியல் பேச்சை எழுத்தில் பிடித்து வைத்தார். ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவைக் கதைகளில் பிடித்து வைத்தார். ஆனால் 'எனக்க மக்கா' என்று ஆச்சி கூப்பிடும்போது அந்த 'மக்கா' எவ்வளவு நீளும் என்பது எழுத்தில் வராது. இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு அதைக் கேட்க வேறு வழியும் இல்லை. இந்தமுறை ஊருக்குப் போகும்போது கேசட் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். ஆச்சி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சின்ன வயசில் ரேடியோவில் என்ன கேட்டார் என்று கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுங்கள்.