முதுகில் வீடு சுமந்த லொறி

நத்தை தன் வீட்டைத் தானே சுமந்து செல்கின்றது. அவ்வீடு அதன் உடலோடு ஒருங்கே வளர்வதாகலின், சுமைக்கும் சுமப்பதற்குமிடையே பிணக்கு எழுவதில்லை. மனிதன் மோட்டார் வண்டியின் முதுகில் வீட்டை ஏற்றத் தலைப்பட்டபோதோ, வீட்டைச் செய்தவன் ஒருவன், வண்டியைச் செய்தவன் வேறொருவன் என்றாயிற்று. அவ்விருவரையும் பொருத்தி வைக்கும் பொறுப்பு, இரண்டையும் விலைகொடுத்து வாங்கிய மூன்றாமவன் தலையில் விழுந்தது. அதன் வரலாற்றையே இங்குக் கூறப் புகுகின்றோம்.

போர்ட் நிறுவனம் 1925 இல் தனது 'ரி' மாதிரி வண்டியின் பின்புறத்தே திறந்த பெட்டியொன்றை அமைத்து, 281 டொலருக்கு விற்றது. உழவனுக்கும் சிறு வணிகனுக்கும் உதவுதற்கென எழுந்த இந்தப் பிக்கப் லொறி, இரண்டாம் உலகப் போரின் பின் ஐக்கிய அமெரிக்காவில் உல்லாசப் பயணத்துக்கும் உரியதாயிற்று. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் செல்வோர் அதன் பெட்டியில் கட்டிலும் அடுப்பும் கொண்ட சிற்றறையொன்றை ஏற்றிச் சென்றனர். இதனை அவர்கள் 'காம்பர்' என்பர். பெயரைக் கேட்டதும் நமக்குக் கவிச்சக்கரவர்த்தியின் நினைவு வருமாயின் அது நம் குற்றமன்று.

உயர்ந்த கூரையுடைய அறை காற்றை எதிர்த்துத் தள்ளாடும், வளைவுகளிற் சாயும், தாழ்ந்த மரக்கிளைகளில் மோதும். ஆதலால், ஓடும்போது தாழ்ந்தும் நின்றபின் உயர்ந்தும் அமையும் கூரையைச் சிலர் நாடினர். 1950 களின் இறுதியில் விற்பனைக்கு வந்த 'அலாஸ்கன்' என்னும் காம்பரில் மேற்பாதி கீழ்ப்பாதியின்மேல் மூடிபோற் கவிந்து, நீரியல் அழுத்தத்தால் உயர்ந்தெழும். பின்னர், சுவரின் மேற்பகுதியைத் துணியால் அமைத்து, அலுமினியச் சட்டத்தால் எடையைக் குறைத்த காம்பர்களும் தோன்றின. கூரை தாழ்ந்தால் புவியீர்ப்பு மையமும் தாழும். துணி புகுந்தால் எடையும் குறையும். எனினும் எடை குறைந்ததென்பதனால் எந்த லொறியும் அதனைச் சுமக்குமென எண்ணியதே பலர்க்குத் தொல்லையாய் முடிந்தது.

எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக் 1960 இல் தமது நாட்டைச் சுற்றிவரப் புறப்பட்டபோது முக்காற் தொன் ஜி. எம். சி. லொறியொன்றின்மேல் காம்பரை ஏற்றி, தொன் கிகோட்டேயின் குதிரையின் பெயரால் அதற்கு 'ரொசினான்ரே' எனப் பெயரிட்டார். அரைத் தொன் லொறியை விடுத்து முக்காற் தொன் லொறியைத் தேர்ந்தது தக்க முடிவே. ஆயினும் புத்தகங்களையும் கருவிகளையும் உணவையும் அவர் வரையின்றி ஏற்றினார். ஒறிகன் மாநிலத்தில் மழை பெய்த ஒரு நாளில் பின்புற ரயர் வெடித்தது. அவ்வண்டி இன்று கலிபோர்னியாவின் சலினாஸ் நகரிலே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

'அரைத் தொன்', 'முக்காற் தொன்' என்னும் பெயர்கள் ஆதியில் லொறி சுமக்கக்கூடிய பாரத்தைக் குறித்தவை. வில்லும் அச்சும் வலுப்பெற்றபோது பாரம் மாறிற்று, பெயர் மாறவில்லை. இன்று ஒரே பெயருடைய இரு லொறிகளுள், நான்கு கதவும் சொகுசு ஆசனங்களும் உடையது, அவையில்லாததிலும் குறைவாகவே சுமக்கும். தன் ஆடம்பரத்தையே அது முதலிற் சுமக்கின்றதன்றோ!

இக்குழப்பம் உயிர்க்கேடாய் முடியுமென்பதை அரசும் உணர்ந்தது. 1966 இல் ஐக்கிய அமெரிக்காவில் மோட்டார் வண்டிப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன் வழிவந்த விதியொன்று 1973 முதல், காம்பர் செய்வோர் அதன் எடையை வெறுமையாக அன்றி, நீரும் எரிவாயுவும் நிறைந்த நிலையிலே குறிக்கவேண்டுமென்றது. லொறி செய்வோரும் சுமக்கத்தக்க பாரத்தையும், அப்பாரத்தின் மையம் பெட்டியில் எவ்வெல்லைக்குள் அமையவேண்டுமென்பதையும் அறிவிக்கலாயினர். பின்னதே என் எண்ணத்தில் இவ்விதியின் உயிர்நாடி. பாரத்தின் மையம் பின்னச்சுக்கு முன்னே அமைதல் வேண்டும். பின்னே போயின், வண்டி துலாப்போல் ஆகி முன்சக்கரங்கள் நிலத்தை இலேசாகவே தொடும். சுக்கானைத் திருப்பினாலும் வண்டி சொற்கேளாது.

கணக்கு மிக எளிது. அதனைச் செய்வோர்தாம் அரியர். ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள சீட்டு, ஆட்களும் பொருள்களும் சேர்ந்து 1,500 இறாத்தலுக்கு மேற்படலாகாது எனக் கூறுவதாகக் கொள்வோம். வெறுங்காம்பர் 1,100 இறாத்தல். 'இன்னும் 400 இறாத்தல் மீதமுண்டு' என வாங்கியவர் மகிழ்வார். அமெரிக்கக் கலன் ஒன்றில் அடங்கும் நீர் ஏறத்தாழ 8.3 இறாத்தல், இருபது கலன் நிரப்பினால் 166. கணவனும் மனைவியும் சேர்ந்து 330. இப்போதே 1,596 ஆயிற்று! எரிவாயுவும் மின்கலமும் அரிசியும் நாயும் இன்னும் ஏறவில்லை.

வலிய வில்லையோ காற்றுப் பையையோ பின்னச்சிற் பொருத்திவிட்டால் அப்பாரம் அடங்குமெனச் சிலர் கூறுவர். வண்டியின் பின்புறம் நிமிரும் என்பது மெய். ஆனால் அச்சு, ரயர், பிறேக் ஆகியன முன்னிருந்தவையே. சீட்டில் அச்சிட்ட எண்ணும் அவ்வண்ணமே இருக்கும். ஆதலால் அறிந்தோர் முதலிற் காம்பரைத் தேர்ந்து, நீரும் ஆளும் பொருளும் கூட்டி, அதன்பின்னரே லொறி வாங்கச் செல்கின்றனர். லொறியை முன்னரே வாங்கிவிட்டவர்க்கோ, எல்லாம் ஏற்றியபின் ஒருமுறை எடைமேடையிற் கொண்டுபோய் நிறுத்துவதே வழி.