அவர் பேசியதும், பேசியதாக எழுதப்பட்டதும்



எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் பேச்சைப் பற்றி இந்த நினைவுநாளில் பேச விரும்புகிறேன்.

நியூயார்க் மாநிலத்தில் இசபெல்லா என்ற பெயரோடு அடிமையாகப் பிறந்தவர் அவர். முதலில் பேசிய மொழி டச்சு. சிறுமியாக இருந்தபோது ஆட்டுமந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு விற்கப்பட்டார். 1826இல் கைக்குழந்தையுடன் அடிமைத்தளையிலிருந்து வெளியேறினார். சட்டத்தை மீறி அலபாமாவுக்கு விற்கப்பட்ட மகனை வழக்காடி மீட்டார். 1843இல் சோஜர்னர் ட்ரூத் என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்டார்.

1851 மே மாதம், ஓஹையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் அவர் பேசினார். இரக்கம் கேட்கவில்லை. உழைப்பிலிருந்து தொடங்கினார். உழுதேன், அறுத்தேன், மரம் வெட்டினேன். எந்த ஆண் இதைவிட அதிகம் செய்துவிட்டான் என்று கேட்டார். பெண்ணுக்கு அறிவு குறைவு என்பவர்களுக்கும் பதில் வைத்திருந்தார். நம் அளவையில் சொன்னால், ஆணுக்கு ஒரு படி, பெண்ணுக்கு அரைப்படிதான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரைப்படி நிறைவதற்கு ஏன் பயப்படுகிறீர்கள் என்பது அவர் கேள்வி. பைபிளைக் காட்டியவர்களுக்குப் பைபிளாலேயே பதில் சொன்னார்: இயேசு கடவுளாலும் ஒரு பெண்ணாலும் வந்தவர், அதில் ஆணின் பங்கு என்ன?

இந்தப் பேச்சை மாரியஸ் ராபின்சன் அடுத்த மாதமே, ஓஹையோவில் வெளிவந்த அடிமை ஒழிப்பு இதழொன்றில் வெளியிட்டார். இன்று உலகம் அறிந்த 'நான் பெண் இல்லையா?' என்ற கேள்வி அதில் இல்லை. அது 1863இல், மாநாட்டுத் தலைவராக இருந்த ஃபிரான்சஸ் கேஜ் நினைவிலிருந்து எழுதிய வடிவத்தில் வருகிறது. டச்சு பேசி வளர்ந்தவரின் வாயில் தென்மாநில அடிமைகளின் கொச்சையை கேஜ் வைத்தார். ஐந்து பிள்ளைகள் பதின்மூன்றாயின. கேஜ் எதிரி அல்லர், உடன் நின்றவர். பேச்சு பரவியதும் அவரால்தான். ஆனாலும் அடிமைப் பெண் எப்படிப் பேசுவாள் என்று அவர் எண்ணினாரோ, அந்தக் குரலே நிலைத்துவிட்டது.

ட்ரூத்தின் வாதம் அக்ரனோடு முடியவில்லை. கறுப்பின ஆண்களுக்கு மட்டும் உரிமை கிடைத்தால் அவர்கள் பெண்களுக்கு எஜமானர்கள் ஆவார்கள் என்று 1867இல் நியூயார்க்கில் எச்சரித்தார். 1870இல் வந்த 15ஆவது சட்டத்திருத்தம், வாக்குரிமையை இனத்தின் பெயரால் மறுக்கக்கூடாது என்றது. பாலினத்தைப் பற்றிப் பேசவில்லை. 1872இல் வாக்களிக்கப் போன ட்ரூத் திருப்பி அனுப்பப்பட்டார். 1883இல் இறந்தார். பாலினத்தின் பெயரால் வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்ற திருத்தம் 1920இல்தான் வந்தது. தென்மாநிலங்களில் கறுப்பினப் பெண்களுக்கு அது பெருமளவில் நடைமுறையாக 1965 வரை போராட வேண்டியிருந்தது.

இந்தப் போராட்டம் நமக்கு அந்நியமானதல்ல. ஜோதிராவ் புலே 1873இல் தன் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

சேரிகளில் நம் பாட்டிகளின் பேச்சைப் பதிவு செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர்கள் பேச்சைத் திருத்தாதீர்கள், கண்ணீரையும் கூட்டாதீர்கள். எழுதியதை அவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள். 'நான் இப்படிச் சொல்லலையே' என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கட்டும். 

ஜெய்பீம்.